நடுநிலை என்பது மௌனமா?

2016-ஆம் ஆண்டு ஆகஸ்டில், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் சிட்னி, செயின்ட் கில்டா அணிகள் மோதின. அந்நாட்டுக்கே உரிய ஆஸ்திரேலியக் கால்பந்தில், கோல் விழுந்ததும் கம்பத்தின் அருகில் நிற்கும் நடுவர் கொடியசைத்து அதை அறிவிப்பார். வழக்கமாக அது வெள்ளைக் கொடி. அன்று நடுவர்கள் அசைத்தது வானவில் நிறக் கொடி. தன்பாலீர்ப்பாளர்கள், திருநங்கையர், திருநம்பியர் உள்ளிட்ட பால்புதுமையினரும் விளையாட்டில் சமமானவர்களே என்பதை அறிவிக்கும் ஆட்டமாக அது நடத்தப்பட்டது.

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கால்பந்திலும், மாற்று வீரரின் எண்ணைக் காட்ட நான்காவது நடுவர் தூக்கிப் பிடிக்கும் பலகை சில வாரங்களில் வானவில் நிறம் பூண்டதுண்டு. அப்போதெல்லாம் ஓர் எதிர்ப்பும் எழுந்தது. வீரர் தம் கருத்தை வெளிக்காட்டலாம். தீர்ப்புச் சொல்லும் நடுவர் காட்டலாமா? ஒரு சமூகப் பிரச்னையில் ஒரு பக்கம் நின்றுவிட்டவரிடம் ஆட்டத்தில் நடுநிலையை எப்படி எதிர்பார்ப்பது? இந்தக் கேள்வியை வெறுப்பின் குரல் என்று ஒதுக்கிவிட முடியாது. நடுவர் நடுநிலையாளராக இருந்தால் மட்டும் போதாது, அவ்வாறு தோன்றவும் வேண்டும் என்ற நியாயமான எதிர்பார்ப்பு அதில் இருக்கிறது.

அயல்நாட்டு விவகாரம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். வடசென்னையில் விளையாட்டு என்பது பொழுதுபோக்கு மட்டுமல்ல. ராயபுரத்திலும் காசிமேட்டிலும் குத்துச்சண்டையும் கேரமும், 'குட்டி பிரேசில்' என்று பெயர் பெற்ற வியாசர்பாடியில் கால்பந்தும் இரண்டு மூன்று தலைமுறைகளாக வாழ்க்கையோடு கலந்தவை. ரயில்வே, சுங்கத் துறை, வங்கி ஆகியவற்றின் அணிகளில் இடம் பிடித்து, விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை பெற்றுக் குடும்பத்தை நிமிர்த்தியவர்கள் இப்பகுதியில் உண்டு. துறைமுகத்துக்கும் ஆலைகளுக்கும் நடுவே ஓர் ஏழைப் பிள்ளைக்குக் கிடைக்கும் சில ஏணிகளில் விளையாட்டும் ஒன்று.

அந்த ஏணியின் முதல் படியிலேயே சிலர் கீழே தள்ளப்படுகிறார்கள். நடை சற்று மென்மையாக இருக்கும் சிறுவனை, முடியை ஒட்ட வெட்டிக்கொண்ட சிறுமியைத் திடலின் ஓரத்தில் நின்று கேலி செய்வது நமக்குப் புதிதல்ல. 'ஒன்பது' என்ற எண்ணையே வசைச்சொல்லாக்கி வைத்திருக்கும் சமூகம் இது. அந்தக் கூச்சல் நடுவரின் காதிலும் விழுகிறது. அவர் அதைக் கேளாதவர்போல ஆட்டத்தைத் தொடர்ந்தால் அது நடுநிலையா? நாம் விடை தேட வேண்டிய கேள்வி இதுதான். வானவில் கொடி பற்றிய விவாதமும் இறுதியில் இங்கேதான் வந்து சேர்கிறது.

நடுவர் யாருக்கும் யாருக்கும் நடுவில் நிற்கிறார் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அவர் நிற்பது போட்டியிடும் இரு தரப்புகளுக்கு நடுவில். விதிக்கும் விதிமீறலுக்கும் நடுவில் அல்ல. பந்தைக் கையால் தடுத்தவருக்கும் தடுக்காதவருக்கும் இடையே அவர் சமதூரத்தில் நிற்பதில்லை. விதியின் பக்கம் நிற்கிறார். எதிரணி வீரரை ஒருவர் சாதிப் பெயர் சொல்லி இழிவாகப் பேச, அதை நடுவர் கேட்டும் வாளாவிருந்தால் நாம் அதை நடுநிலை என்று சொல்லமாட்டோம். கடமை தவறினார் என்றே சொல்வோம். களத்தில் இறங்கிய எல்லோரும் சமம் என்பது விவாதத்துக்குரிய கருத்தன்று, ஆட்டம் தொடங்குவதற்கான முன்நிபந்தனை. சர்வதேசக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவின் சட்டவிதிகள் இனம், நிறம், மதம் ஆகியவற்றோடு பாலியல் நாட்டத்தின் பெயரால் காட்டப்படும் பாகுபாட்டையும் வெளிப்படையாகவே தடை செய்கின்றன.

அடுத்து, சின்னத்தின் கதை. எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலியிலும் கன்டெய்னர் லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் எடைமேடைகளைப் பலரும் பார்த்திருப்போம். எடைமேடை அறைக்குள் ஒரு சாமி படம் மாட்டியிருக்கும். வேறோர் இடத்தில் மாதா படமோ மெக்கா படமோ இருக்கும். அதைப் பார்த்து, எடை தவறாகக் காட்டும் என்று எந்த லாரி ஓட்டுநரும் ஐயப்படுவதில்லை. அவருடைய நம்பிக்கை சுவரில் இருக்கும் படத்தைப் பொறுத்ததன்று. எடைக்கருவியைச் சோதித்து அதிகாரிகள் இட்ட முத்திரையைப் பொறுத்தது. ஆனால், வரிசையில் நிற்கும் இரண்டு நிறுவனங்களில் ஒன்றின் கொடி அந்த அறையின் மேல் பறந்தால், மற்ற நிறுவனத்தின் ஓட்டுநர் ஐயுறுவார், அது நியாயமானது. ஆக, சின்னம் இருக்கிறதா, இல்லையா என்பதைவிட, அந்தச் சின்னம் போட்டியிடுவோரில் ஒருவரைச் சுட்டுகிறதா என்பதே முக்கியம். நடுநிலைக்கான உண்மையான சான்று சின்னமற்ற சட்டையில் இல்லை, சோதிக்கப்பட்ட அளவுகோலில் இருக்கிறது.

இதற்குப் பொருளியல் ஆய்வுகளும் துணை நிற்கின்றன. ஸ்பெயின் நாட்டுக் கால்பந்து லீக் ஆட்டங்களை ஆராய்ந்து கரிகானோ, பலாசியோஸ்-ஹுவேர்ட்டா, பிரெண்டர்கஸ்ட் ஆகிய மூவர் 2005-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். உள்ளூர் அணி ஒரு கோல் பின்தங்கியிருந்தால் நடுவர்கள் கூடுதல் நேரத்தை நீட்டினர். ஒரு கோல் முன்னிலையில் இருந்தால் சுருக்கினர். எவரும் லஞ்சம் வாங்கவில்லை, எவரும் சின்னம் அணியவில்லை. கூட்டத்தின் ஆரவாரமே அவர்களைத் தம்மையறியாமல் சாய்த்தது.

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ பற்றி ஜோசப் பிரைஸ், ஜஸ்டின் உல்ஃபர்ஸ் இருவரும் செய்த ஆய்வு இன்னும் கூர்மையானது. நடுவர் குழுவின் இனத்தைச் சேராத வீரர்கள்மீது சற்றுக் கூடுதலாகத் தவறுகள் குறிக்கப்பட்டதை அவர்கள் கண்டறிந்தனர். இந்த முடிவு 2007-இல் ஊடகங்களில் பெரிய செய்தியானது. அதன் பின்னர் நடந்த ஆட்டங்களை மீண்டும் ஆராய்ந்தபோது அந்தச் சாய்வு மறைந்துபோயிருந்தது. இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. வெற்றுச் சட்டை அணிந்திருப்பதாலேயே ஒருவர் நடுநிலையாளர் ஆகிவிடுவதில்லை என்பது முதலாவது. தம் மனத்தில் உள்ள சாய்வை அறிந்துகொண்டவரே அதைத் திருத்திக்கொள்கிறார் என்பது இரண்டாவது.

தோற்றத்தைப் பற்றிய கவலைக்கும் உரிய மதிப்பைத் தர வேண்டும். கிரிக்கெட்டில் நீண்டகாலமாக, போட்டியை நடத்தும் நாட்டின் நடுவர்களே நின்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் நேர்மையாளர்கள்தாம். ஆயினும் ஐயம் தீரவில்லை. 1986-இல் லாகூரில் பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடிய டெஸ்டுக்கு இந்தியாவிலிருந்து வி.கே. ராமசாமியும் பிலூ ரிப்போர்ட்டரும் அழைக்கப்பட்டனர். 2002 முதல் டெஸ்ட் போட்டிகளில் இரு நடுவர்களுமே மூன்றாம் நாட்டவராக இருக்க வேண்டும் என்பது நடைமுறையானது. இந்திய அணியின் தலைவராக இருந்த நம் சென்னையின் எஸ். வெங்கட்ராகவன், பின்னாளில் 73 டெஸ்ட் போட்டிகளில் நடுவராக நின்று உலகின் நம்பிக்கையைப் பெற்றார். நாட்டை மாற்றி நடுவரை நியமித்ததன் காரணம், நாடு என்பது போட்டியிடும் தரப்பு என்பதுதான். பால்புதுமையினர் ஆடுகளத்தில் எதிரெதிரே நிற்கும் இரு அணிகளில் ஒன்றல்லர். அவர்கள் இரு அணிகளிலும் இருக்கக்கூடியவர்கள், பார்வையாளர் வரிசையிலும் இருப்பவர்கள், நடுவராகவும் இருப்பவர்கள்.

வேல்ஸ் நாட்டு ரக்பி நடுவர் நைஜல் ஓவன்ஸ் தாம் தன்பாலீர்ப்பாளர் என்பதை 2007-இல் வெளிப்படையாக அறிவித்தார். 2015-இல் நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் மோதிய உலகக் கோப்பை இறுதிப் போட்டியை நடத்தும் பொறுப்பு அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. அவரது அடையாளத்தை உலகமே அறிந்திருந்தது. அவரது விசிலை இரு அணிகளும் ஏற்றன.

அப்படியானால் எந்த நடுவரும் எந்தச் சின்னத்தையும் அணியலாமா? கூடாது. ஒரு சின்னம் நடுநிலையைக் குலைக்கிறதா என்று அறிய மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

முதல் கேள்வி: அந்தச் சின்னம் போட்டியிடும் ஒரு தரப்பைக் குறிவைக்கிறதா? 2021-இல் ஐரோப்பியக் கோப்பைப் போட்டியின்போது, ஜெர்மனி அணித் தலைவர் மானுவேல் நாயர் அணிந்த வானவில் நிறக் கைப்பட்டையைப் பற்றி விசாரித்த ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பு, அதில் தவறில்லை என்று விட்டுவிட்டது. சில நாள்களில் ஜெர்மனியும் ஹங்கேரியும் மியூனிக்கில் மோத இருந்தன. அதற்குச் சற்று முன்புதான் ஹங்கேரி நாடாளுமன்றம் பால்புதுமையினருக்கு எதிரான சட்டம் ஒன்றை நிறைவேற்றியிருந்தது. அதற்கு எதிர்வினையாக மைதானத்தையே வானவில் ஒளியில் மிளிரச் செய்ய நகராட்சி விரும்பியபோது, அதே கூட்டமைப்பு அனுமதி மறுத்தது. நிறங்கள் ஒன்றே. ஆனால், இரண்டாவது சூழலில் அவை களத்தில் நிற்கும் ஒரு நாட்டை நோக்கிய செய்தியாகிவிட்டன என்பது அதன் வாதம். அந்த முடிவை ஏற்காதவர்களும் இந்த வேறுபாட்டைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

இரண்டாவது கேள்வி: அதை முடிவு செய்தவர் யார்? 2019 உலகக் கோப்பையில் மகேந்திர சிங் தோனியின் கையுறையில் ராணுவச் சிறப்புப் படையின் 'பலிதான்' சின்னம் இருந்தது. இந்தியக் கிரிக்கெட் வாரியம் கேட்டுக்கொண்டும் சர்வதேசக் கிரிக்கெட் கவுன்சில் அதை அனுமதிக்கவில்லை. 2023 டிசம்பரில் ஆஸ்திரேலிய வீரர் உஸ்மான் கவாஜா, எல்லா உயிர்களும் சமம் என்ற வாசகத்தைக் காலணியில் எழுதியபோதும் அதே பதில்தான். தேசப்பற்றோ மனிதநேயமோ, தனிநபர் தம் விருப்பப்படி ஆட்டக் களத்தை அறிவிப்புப் பலகையாக்க முடியாது என்பதே விதி. வீரருக்கே இப்படி என்றால் நடுவருக்கு இது இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். இன்று ஒரு நடுவர் வானவில் பட்டை அணிந்தால், நாளை இன்னொருவர் கட்சிக் கரை வேட்டியின் நிறத்தில் பட்டை அணிவார். ஆகவே, சின்னம் நடுவருடையதாக இருக்கக் கூடாது. போட்டியை நடத்தும் சங்கம் முன்கூட்டியே முடிவெடுத்து, எழுத்தில் அறிவித்து, எல்லா ஆட்டங்களுக்கும் ஒரேவிதமாக வழங்கியதாக இருக்க வேண்டும். மெல்போர்னில் நடுவர்கள் அசைத்த கொடி எந்த அணி கோல் அடித்தாலும் உயர்ந்த அதே கொடிதான் என்பதை இங்கே நினைவுகூரலாம்.

மூன்றாவது கேள்வி: எவரேனும் கட்டாயப்படுத்தப்படுகிறாரா? 2024-இல் பிரான்ஸில் மொனாக்கோ அணியின் முகமது கமாரா, தம் சட்டையில் இருந்த தன்பாலீர்ப்பு வெறுப்புக்கு எதிரான சின்னத்தை நாடா ஒட்டி மறைத்தார். அவருக்கு நான்கு ஆட்டங்கள் தடை விதிக்கப்பட்டது. மத நம்பிக்கையின் காரணமாக ஒரு சின்னத்தை அணியத் தயங்குபவரைத் தண்டிப்பதால் மனமாற்றம் நிகழும் என்று நான் கருதவில்லை. அணியாமல் இருக்கும் உரிமை அவருக்கு வேண்டும். ஆனால், அந்த உரிமை சக வீரரை இழிவுபடுத்தும் உரிமையாக நீள முடியாது. பிறரைக் கண்ணியமாக நடத்துவது விருப்பத்துக்கு விடப்பட்டதன்று.

உலக அமைப்புகளே இந்த மூன்று கேள்விகளுக்கும் ஒரே சீராக விடை சொல்லவில்லை. பாலியல் நாட்டத்தின் பெயரால் பாகுபாடு கூடாது என்று சட்டவிதியில் எழுதிவைத்த அதே ஃபிஃபா, 2022 கத்தார் உலகக் கோப்பையில் 'ஒன் லவ்' கைப்பட்டை அணியும் அணித் தலைவர்களுக்கு மஞ்சள் அட்டை காட்டப்படும் என்று எச்சரித்தது. இங்கிலாந்து, ஜெர்மனி உள்ளிட்ட ஏழு ஐரோப்பிய அணிகள் பின்வாங்கின. அட்டையை நீட்ட வேண்டியவர் நடுவர். அவர் மனத்துக்குள் என்ன நினைத்தார் என்பதற்கு அங்கே இடமே இல்லை. விதி குழப்பமாக இருக்கும்போது பழி நடுவர்மீது விழுகிறது.

ஆனால், பட்டையைவிட வலிமையான ஒரு கருவி நடுவரிடம் இருக்கிறது. அது விசில். 2019 ஆகஸ்டில் பிரான்ஸின் இரண்டாம் நிலை லீக்கில் நான்சி, லெ மான் அணிகள் ஆடிக்கொண்டிருந்தபோது, பார்வையாளர்கள் தன்பாலீர்ப்பாளர்களை இழிவுபடுத்தும் கோஷம் எழுப்பினர். நடுவர் மெஹ்தி மொக்தாரி ஆட்டத்தை நிறுத்தினார். 2023 ஜூனில் லாஸ் வேகாஸ் நகரில் அமெரிக்காவும் மெக்சிகோவும் மோதிய ஆட்டத்திலும் இத்தகைய கோஷம் தொடர்ந்ததால், எல் சால்வடோர் நாட்டு நடுவர் இவான் பார்ட்டன் கூடுதல் நேரம் முடியுமுன்பே ஆட்டத்தை முடித்துவைத்தார். அவர்கள் எந்த அணிக்கும் சாதகம் செய்யவில்லை. எழுதப்பட்ட விதியை நடைமுறைப்படுத்தினார்கள். முதலில் நிறுத்தி எச்சரிப்பது, பிறகு ஆட்டத்தைத் தற்காலிகமாக ஒத்திவைப்பது, இறுதியில் கைவிடுவது என்ற மூன்று படிநிலைகள் சர்வதேசக் கால்பந்தில் ஏற்கெனவே உள்ளன.

தமிழ்நாட்டுக்கு இந்தப் பாடம் ஏன் தேவை என்பதற்குப் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் பிறந்த சாந்தி சௌந்தரராஜனின் வாழ்க்கையே சான்று. 2006 தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனைக்குப் பின் அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. அவரது பிரச்னை பாலியல் நாட்டம் பற்றியதன்று, உடலின் இயல்பு பற்றியது. பெண்கள் பிரிவில் யார் போட்டியிடலாம் என்பது மருத்துவமும் விதியும் சேர்ந்து விடை காண வேண்டிய தனிக் கேள்வி. எந்த நடுவரின் கைப்பட்டையும் அதைத் தீர்த்துவிடாது. ஆனால், ஒரு ஏழைக் கிராமத்துப் பெண்ணின் அந்தரங்கம் உலகச் செய்தியாக்கப்பட்டது விதியின் கட்டாயத்தால் அன்று. அது அமைப்புகளின் அலட்சியம். ஆசியப் பதக்கம் வென்றவர் பின்னர் செங்கல் சூளையில் கூலி வேலை செய்ய நேர்ந்தது. அவர் பயிற்சியாளராக மீண்டு வந்தது அவரது மன உறுதியைக் காட்டுகிறதே தவிர, நம் அமைப்புகளின் பெருமையை அன்று.

நடுநிலையோடு எப்படி நடந்துகொள்வது என்பதற்கும் தமிழகத்திலேயே முன்மாதிரி உண்டு. பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்களின் வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தின் முன் வந்தபோது, நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஓர் அரிய செயலைச் செய்தார். இந்தப் பொருள் குறித்துத் தமக்கு முழுமையான புரிதல் இல்லை என்பதை வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் வல்லுநர் ஒருவரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகே 2021 ஜூன் 7-ஆம் தேதி உத்தரவை எழுதினார். இதனால் அவர் நடுநிலை தவறினார் என்று சொல்ல முடியுமா? தம் முன்முடிவை அறியாத நீதிபதியைவிட அதை அறிந்து அகற்றிக்கொண்டவரே நடுநிலைக்கு நெருக்கமானவர். என்பிஏ ஆய்வு சொன்னதும் இதையே.

அந்த வழக்கின் தொடர்ச்சியாக, 2022-இல் தமிழ்நாடு காவல் துறையின் நடத்தை விதிகள் திருத்தப்பட்டன. பால்புதுமையினரைக் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்பது விதியானது. சட்டப்படியான விசாரணை நடத்தும் உரிமைக்கு அது தடையன்று என்ற விளக்கமும் அதிலேயே சேர்க்கப்பட்டது. யாருக்கும் சலுகை இல்லை, யாருக்கும் இழிவும் இல்லை. நடுநிலையின் இலக்கணத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்வது கடினம். காவலருக்கு எழுத முடிந்த விதியை விளையாட்டு நடுவருக்கு எழுத முடியாதா?

இதற்குப் பெரும் செலவு தேவையில்லை. வடசென்னையில் போட்டி நடத்தும் மன்றங்களும் மாவட்டச் சங்கங்களும், பதிவுக் கட்டண விவரத்தோடு அச்சிடும் விதிமுறைத் தாளில் ஒரு வரியைச் சேர்க்கலாம்: சாதி, நிறம், மதம், பாலினம், பாலியல் நாட்டம் ஆகியவற்றைச் சொல்லி இழிவுபடுத்தினால் வீரர் வெளியேற்றப்படுவார், பார்வையாளர் செய்தால் ஆட்டம் நிறுத்தப்படும். நடுவர் பயிற்சி முகாமில் அரை நாளை இதற்கு ஒதுக்கலாம். அந்த விதியைச் செயல்படுத்தியதற்காகத் தாக்கப்படும் நடுவருக்குச் சங்கம் துணை நிற்க வேண்டும். உள்ளூர்க் கூட்டத்தின் நடுவே தனியாளாய் நிற்பவர் அவர். வானவில் பட்டை வேண்டுமா என்பதைச் சங்கங்கள் அதன் பிறகு விவாதிக்கலாம். விதி இல்லாத இடத்தில் பட்டை வெறும் அலங்காரம். விதி உள்ள இடத்தில் அது விதியை நினைவூட்டும் அடையாளம்.

இதைக் கருணையாகப் பார்க்க வேண்டியதில்லை, கணக்காகவும் பார்க்கலாம். பால்புதுமையினரை ஒதுக்கிவைப்பதால் இந்தியாவுக்கு ஏற்படும் இழப்பு, நாட்டின் உள்நாட்டு உற்பத்தியில் 0.1 முதல் 1.7 சதவீதம் வரை இருக்கலாம் என்று 2014-இல் உலக வங்கிக்காகப் பொருளியலாளர் லீ பேட்ஜெட் செய்த ஆய்வு மதிப்பிட்டது. கேலி பொறுக்காமல் பதின்மூன்று வயதில் திடலைவிட்டு வெளியேறும் ஒரு பிள்ளை, இருபத்திரண்டு வயதில் கிடைத்திருக்கக்கூடிய ரயில்வே வேலையையும் சேர்த்தே இழக்கிறது. அந்த இழப்பு எந்த ஸ்கோர் பலகையிலும் பதிவாவதில்லை.

திருக்குறளில் நடுவு நிலைமைக்கென்றே ஓர் அதிகாரம் உண்டு. நடுவர் என்ற சொல்லும் நடுவு என்பதிலிருந்தே பிறந்தது. நடுவில் நிற்பது என்றால் எதையும் காணாமல் நிற்பது என்று பொருளல்ல; இரு பக்கமும் தெளிவாகத் தெரியும் இடத்தில் நிற்பது. அங்கிருந்து பார்க்கும்போது ஓர் இழிசொல் காதில் விழுந்தால், அதைச் சொன்னவர் எந்த அணி என்று பாராமல் விசிலை ஊதுவதே நடுநிலை.